லினக்ஸ் பழக எது தோது: டபிள்யூஎஸ்எல், வி.எம்., டூயல் பூட், தனி லேப்டாப்

புதுச்சேரியிலும் கடலூரிலும் பொறியியல் படிப்பவர்கள், வீட்டிலிருந்தபடி மென்பொருள் வேலை பார்ப்பவர்கள், வேலை மாற நினைப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “கையில் ஒரு விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. லினக்ஸில் புரோகிராம் எழுத வேண்டும், கொஞ்சம் நோண்டியும் பார்க்க வேண்டும். எப்படிப் போடலாம்?” பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பழகிப்போனதையே சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்டவரின் வேலை என்ன, ரேம் எவ்வளவு, அந்த லேப்டாப்பை வீட்டில் வேறு யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை.

நோண்டுவதற்கென்று போடும் லினக்ஸ் ஒருநாள் உடையத்தான் செய்யும். அப்படி உடைந்தபின் பழைய நிலைக்கு எவ்வளவு நேரத்தில் திரும்பலாம் என்பதை வைத்தே ஏற்பாட்டைத் தேர்வு செய்ய வேண்டும் என்பது எங்கள் கட்சி. அந்த நேரத்தில் பாதியை ஏற்பாடு தீர்மானிக்கிறது, மீதியை நீங்கள் எழுதிவைத்த குறிப்பு தீர்மானிக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை இரண்டையும் சேர்த்தே எடைபோடுகிறது. வழிகள் நான்கு: விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூஎஸ்எல், கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியான வி.எம். (வர்ச்சுவல் மெஷின்), இரண்டையும் ஒரே லேப்டாப்பில் நிறுவி பூட் ஆகும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் டூயல் பூட், லினக்ஸுக்கென்றே ஒரு தனி லேப்டாப்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் வேலை. இணையதளம், பைத்தான், டேட்டாபேஸ் என்று மேல்மட்டத்தில் நிற்கப்போகிறீர்களா, கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) மாட்யூல், டிரைவர், பூட்லோடர் (கணினி தொடங்கியதும் இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) என்று அடிவரை இறங்கப்போகிறீர்களா? ஈஎஸ்பி32, ஆர்டுவினோ போன்ற சின்ன மின்னணு போர்டுகளைச் செருகுவீர்களா? என்விடியா கிராஃபிக்ஸ் கார்டில் கணக்கீடு ஓட்ட வேண்டுமா? இவை ஒவ்வொன்றுக்கும் விடை மாறும்.

அடுத்து ரேமும் டிஸ்க்கும். 8 ஜிபி ரேமில் விண்டோஸும் பிரவுசரும் மட்டுமே பாதிக்கு மேல் தின்றுவிடும். மிச்சத்தில்தான் லினக்ஸ்.

உடையும்போது எதையெல்லாம் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்பது மூன்றாவது. அதே லேப்டாப்பில் அப்பாவின் கடைக் கணக்கு இருந்தால், டிஸ்க்கைப் பிரிக்கும் வேலையில் விளையாட முடியாது.

நான்காவது நம் கடற்கரை. உப்புக்காற்று விசிறியையும் போர்ட்டுகளையும் அரிக்கும். பராமரிப்புக்கென்று அறிவிக்கும் மின்தடை காலையில் தொடங்கினால் பிற்பகல் வரை நீளும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது மழைநீர் வீடுகளுக்குள் புகுந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பேட்டரியும் பேக்கப்பும் ஆடம்பரம் அல்ல.

கடைசியாக, அந்த ஏற்பாட்டை எழுதிவைக்க முடிகிறதா என்பது. சில ஏற்பாடுகள் குறிப்பு எழுத வைக்கும், சில சோம்பேறியாக்கும். பலர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத செலவு இதுதான்.

| | டபிள்யூஎஸ்எல் 2 | வி.எம். | டூயல் பூட் | தனி லேப்டாப் |
|---|---|---|---|---|
| நிம்மதியாக ஓட ரேம் | 8 ஜிபி போதும், 16 நல்லது | 16 ஜிபி | 8 ஜிபி | 8 ஜிபி |
| கெர்னல், டிரைவர் சோதனை | சுற்றி வளைக்க வேண்டும் | பாதுகாப்பாகச் செய்யலாம் | முழுதும் முடியும் | முழுதும் முடியும் |
| யுஎஸ்பி போர்டுகள் | இடையில் ஒரு கருவி தேவை | பெரும்பாலும் ஓடும் | நேரடி | நேரடி |
| உடைந்தால் போவது | லினக்ஸ் மட்டும் | அந்த வி.எம். மட்டும் | விண்டோஸும் சேர்ந்து போகலாம் | அந்த லேப்டாப் மட்டும் |
| மீட்கும் வழி | ஏற்றுமதி செய்த டார் கோப்பு (முழு லினக்ஸின் நகல்) | ஸ்னாப்ஷாட் (அந்த நேர நிலையின் பதிவு) | மறுநிறுவல் | ஸ்னாப்ஷாட் அல்லது மறுநிறுவல் |
| கைக்காசு | இல்லை | இல்லை | இல்லை | பழைய லேப்டாப்பின் விலை |
| குறிப்பு எழுதும் கட்டாயம் | குறைவு | மிகக் குறைவு | அதிகம் | அதிகம் |

## டபிள்யூஎஸ்எல் 2

2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 2004 முதல் இது எல்லோருக்கும் கிடைக்கிறது. விண்டோஸின் சொந்த வி.எம். வசதியான ஹைப்பர்-வி அடித்தளத்தில் ஒரு சின்ன வி.எம்.மாக உள்ளே உண்மையான லினக்ஸ் கெர்னலே ஓடுகிறது. பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, டபிள்யூஎஸ்எல் கட்டளையை ‘இன்ஸ்டால்’ விருப்பத்தோடு கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தால் உபுண்டு தயார். வரவில்லையென்றால் பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்குமுன் திறக்கும் அமைப்புத் திரை) வர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும். இன்டெல்லில் அதை விடி-எக்ஸ் என்றும் ஏஎம்டியில் எஸ்விஎம் என்றும் தேடுங்கள்.

பலர் “மெதுவாக இருக்கிறது” என்று கைவிடுவதற்குக் காரணம் ஒன்றுதான்: புராஜெக்டை சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸிலிருந்து திறப்பார்கள். அப்போது ஒவ்வொரு கோப்பும் 9பி என்ற நெறிமுறை வழியாக இரண்டு இயங்குதளங்களுக்கு நடுவே கடந்து வர வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருக்கும் நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) புராஜெக்டில் இது தவழும். கோப்பைச் சேமித்ததும் பக்கம் தானாகப் புதுப்பிக்கும் வசதியும் வேலை செய்யாது, ஏனென்றால் விண்டோஸ் பக்கம் நடந்த மாற்றம் லினக்ஸின் கோப்புக் கண்காணிப்புக்குத் தெரிவதில்லை. புராஜெக்டை லினக்ஸின் ஹோம் கோப்புறைக்குள் வையுங்கள், எடிட்டரை மட்டும் விண்டோஸில் திறந்து உள்ளே இணையுங்கள். இரண்டு தொல்லையும் தீர்ந்தது.

அடுத்தது ரேம். இயல்பாக மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி லேப்டாப்பில் இது விண்டோஸைத் திணறடிக்கும். பயனர் கோப்புறையில் டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக் கோப்பை உருவாக்கி, மெமரி வரம்பை 3 ஜிபி என்று எழுதி, ‘ஷட்டவுன்’ கொடுத்துத் திரும்பத் திறந்தால் அடங்கிவிடும்.

மறைமுகச் செலவு டிஸ்க்கில் ஒளிந்திருக்கிறது. லினக்ஸ் முழுவதும் விஎச்டிஎக்ஸ் என்ற ஒரே மெய்நிகர் டிஸ்க் கோப்பில் உட்கார்ந்திருக்கும். அது வளரும், உள்ளே அழித்தாலும் இயல்பாகச் சுருங்காது. டாக்கர் இமேஜ்களை (செயலியை அதற்குத் தேவையானவற்றோடு கட்டிய பெரிய பொட்டலங்கள்) இறக்கி அழித்துப் பழகுபவர்களுக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி எங்கே போனது என்றே தெரியாது. டபிள்யூஎஸ்எல்லை நிறுத்திவிட்டு விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளை கொண்டு அந்தக் கோப்பைச் சுருக்க வேண்டும்.

யுஎஸ்பி போர்டுகள் நேரடியாக உள்ளே தெரியாது. யுஎஸ்பிஐபிடி-வின் என்ற கருவியை விண்டோஸில் நிறுவி இணைத்துவிட வேண்டும், கேபிளைப் பிடுங்கிச் செருகினால் மறுபடியும் இணைக்க வேண்டும். ஒரு மாலைக்குள் பத்துமுறை போர்டைக் கழற்றுபவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும். உங்கள் சர்வரை அதே வைஃபையில் இருக்கும் போனிலிருந்து திறக்க முடியாமல் போவதும் உண்டு. விண்டோஸ் 11 பதிப்பு 22எச்2 முதல் நெட்வொர்க்கை ‘மிரர்டு’ முறைக்கு மாற்றி, ஃபயர்வாலிலும் அனுமதி கொடுத்தால் சரியாகும்.

இணையம், பைத்தான், ஜாவா, டேட்டாபேஸ் என்ற அளவில் நிற்பவருக்கு, குறிப்பாக லேப்டாப் வீட்டுக்கும் பொதுவானதென்றால், இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. லினக்ஸ் எப்படி பூட் ஆகிறது, டிரைவர் எப்படி ஏறுகிறது என்று பழக நினைப்பவருக்கு இது போதாது. அந்தப் பகுதியை மைக்ரோசாஃப்ட் ஏற்கெனவே செய்துகொடுத்துவிட்டது.

## வி.எம்.

வி.எம். ஓட்டும் மென்பொருள்களில் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். அதன் எக்ஸ்டென்ஷன் பேக் மட்டும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான் இலவசம், அலுவலக லேப்டாப்பில் போடுமுன் யோசியுங்கள். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம். லினக்ஸையே அடித்தளமாக வைத்திருப்பவர்களுக்கு கேவிஎம்மும் விர்ட்-மேனேஜரும் இவை இரண்டையும்விட மேல்.

2 புராசசர், 4 ஜிபி ரேம், 40 ஜிபி டைனமிக் டிஸ்க் என்று கொடுத்துத் தொடங்கலாம். இருக்கும் கோர்கள் எல்லாவற்றையும் வி.எம்.முக்குத் தாரைவார்த்தால் அடியிலிருக்கும் விண்டோஸ் மூச்சுமுட்டி, இரண்டும் சேர்ந்து மெதுவாகும். விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஹைப்பர்-வி முந்திக்கொண்டுவிட்டது என்று பொருள். டபிள்யூஎஸ்எல் 2 போட்டிருந்தாலோ விண்டோஸின் கோர் ஐசொலேஷன் பாதுகாப்பு இயங்கினாலோ இது நடக்கும். அந்தச் சின்னத்தைக் கவனிக்காமல் “லினக்ஸே ஸ்லோ” என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய.

இதன் பலம் ஸ்னாப்ஷாட். கெர்னல் மாட்யூல் எழுதுகிறவர், கண்ட இடத்திலிருந்து பேக்கேஜ் இறக்கிச் சோதிக்கிறவர், ஃபயர்வால் விதிகளில் கைவைக்கிறவர் எல்லோருக்கும் இதுதான் ஏற்ற இடம். கெர்னல் பேனிக் (கெர்னலே செயலிழப்பது) வந்து திரை உறைந்துவிட்டால் செய்தியை எப்படிப் படிப்பது? வி.எம்.மின் சீரியல் போர்ட்டை விண்டோஸில் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, கெர்னலின் பூட் விருப்பத்தில் கன்சோலை அந்தச் சீரியல் போர்ட்டுக்கு மாற்றுங்கள். கடைசி வரிவரை கோப்பில் கிடைக்கும், அப்படியே குறிப்பிலும் ஒட்டலாம்.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்புவதுதான் ஆபத்து. அவை ஒன்றையொன்று சார்ந்த சங்கிலி, இருப்பதும் அதே எஸ்எஸ்டி. நடுவிலிருந்து ஒன்றை அழித்தால் அதன் தரவை அடுத்ததோடு இணைக்க டிஸ்க்கில் காலியிடம் வேண்டும். டிஸ்க் நிரம்பிய நேரத்தில் அழிக்கப்போய் மாட்டிக்கொள்வது இப்படித்தான். மூன்று நான்குக்கு மேல் வைக்க வேண்டாம்.

இன்னொரு செலவும் உண்டு. ‘சரியாக ஓடுகிறது 2’, ‘இறுதி’, ‘இறுதி புதியது’ என்று பெயரிட்ட ஸ்னாப்ஷாட்டுகள் இருக்கும்வரை யாரும் குறிப்பு எழுத உட்காருவதில்லை. ஆறு மாதம் கழித்து அந்த வி.எம். ஓடும், ஏன் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

## டூயல் பூட்

தமிழக மாணவர்களுக்கு இது புதிதல்ல. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்புகள் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸையும் சேர்த்தே வந்தன. வன்பொருள் முழுதும் லினக்ஸ் கைக்கு வருவது இதன் நன்மை: ரேம் முழுதும், என்விடியா கார்டு முழுதும், யுஎஸ்பி நேரடியாக. கேம், ஆட்டோகேட் போன்றவற்றுக்கு விண்டோஸும் வேண்டும், இன்னொரு லேப்டாப் வாங்கக் காசில்லை என்பவருக்கு வேறு வழியும் இல்லை.

ஆனால் தவறு நடந்தால் இழப்பு பெரிது. ஆகவே வரிசை முக்கியம்.

1. தேவையான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். டிஸ்க்கைப் பிரிக்கும்போது மின்சாரம் போகலாம். பேட்டரி நிறைந்திருக்க, சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.
2. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதுங்கள். விண்டோஸ் 11 ஹோமிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது இயங்கிக்கொண்டிருக்கலாம். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பயாஸில் எதையாவது மாற்றியபின் நீலத்திரை அந்தச் சாவியைக் கேட்கும்.
3. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்திலேயே இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது.
4. லினக்ஸ் நிறுவி டிஸ்க்கையே காட்டவில்லையென்றால் பயாஸில் ஸ்டோரேஜ் முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கும். அதை ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும். மாற்றுவதற்குமுன் விண்டோஸை அடுத்தமுறை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பூட் ஆகாது.
5. டிஸ்க்கை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலிருந்தே சுருக்குங்கள். 80 ஜிபியாவது ஒதுக்குங்கள். டிபக் தகவலோடு ஒரு கெர்னலைத் தொகுத்தாலே (கம்பைல் செய்தாலே) 20 ஜிபி போய்விடும். சுருக்க மறுத்தால் பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன், ரெஸ்டோர் பாயின்ட் மூன்றையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு முயலுங்கள்.
6. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) இயங்கும் லேப்டாப்பில் என்விடியா டிரைவர் போட்டால், ஒரு பாஸ்வேர்ட் கேட்டு, அடுத்த பூட்டில் அந்த டிரைவரை ஏற்க அனுமதி கேட்கும் நீலநிற ‘எம்ஓகே’ திரை வரலாம். சில நொடிகள்தான் காத்திருக்கும். அதைத் தவறவிட்டால் டிரைவர் ஏறாது, காரணமும் தெரியாது.

எல்லாம் முடிந்தபின் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மதர்போர்டின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலக நேரமாகப் படிக்கிறது, நம் வித்தியாசம் சரியாக 5:30. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளை கொண்டு உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்துவிடும்.

பிறகும் நிம்மதி முழுதாக இல்லை. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸை பூட் ஆகவிடாமல் செய்தது. பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால் நம் சாவி வேலை செய்யாது என்ற நிலையோடுதான் குடியிருக்க வேண்டும். ஒரு லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) எப்போதும் கையில் இருக்கட்டும்.

பெரிய மறைமுகச் செலவு இன்னொன்று. மாற ஒவ்வொருமுறையும் ரீஸ்டார்ட். திறந்திருக்கும் டாப்கள், பாதியில் நிற்கும் வேலை எல்லாவற்றையும் மூட வேண்டும். சில வாரங்களில் பலர் விண்டோஸிலேயே தங்கிவிடுகிறார்கள், 80 ஜிபி சும்மா கிடக்கிறது.

வெளி எஸ்எஸ்டியில் லினக்ஸை நிறுவுவது இதன் ஒன்றுவிட்ட தம்பி. என்விஎம்இ எஸ்எஸ்டியை யுஎஸ்பி உறையில் போட்டால் வேகம் நன்றாகவே இருக்கும். பென்டிரைவில் வேண்டாம், சிறுசிறு தரவுகளை ஓயாமல் எழுதும்போது திணறிச் சீக்கிரம் செத்துப்போகும். நிறுவும்போது பூட்லோடர் உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியில் (பூட் கோப்புகள் இருக்குமிடம்) போய் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள் எஸ்எஸ்டியைப் பயாஸில் தற்காலிகமாக முடக்கிவிட்டு நிறுவுவது உத்தமம்.

## தனி லேப்டாப்

எங்கள் ஓட்டு இதற்குத்தான், காசு இருந்தால். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய பிசினஸ் லேப்டாப் ஒன்று போதும். ஒரு நடைமுறைக் காரணமும் இதற்குத் துணை நிற்கிறது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதனால் 6, 7ஆம் தலைமுறை லேப்டாப்புகளை விண்டோஸ்காரர்கள் ஒதுக்குகிறார்கள். லினக்ஸுக்கு அவற்றில் ஒரு குறையும் இல்லை. பேரம் பேசும்போது இது கைகொடுக்கும்.

கொஞ்சம் கூடுதல் காசு போட முடிந்தால் 8ஆம் தலைமுறை. அங்கே கோர்கள் இரண்டிலிருந்து நான்காகின்றன, தொகுக்கும் வேலைகளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். திங்க்பேட் டி480இல் ரேம் ஸ்லாட் இரண்டு, பேட்டரியும் இரண்டு, வெளியே இருப்பதைக் கணினி ஓடும்போதே மாற்றலாம். மின்தடை ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? டி480எஸ், டி490 இரண்டிலும் ஒரு ரேம் போர்டோடு பற்றவைத்தது, ஒரு ஸ்லாட்தான் காலி. விற்பவர் எல்லாம் ஒன்றுதான் என்பார், கேட்காதீர்கள். டி480இன் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் பழைய குறை ஒன்று உண்டு. அப்டேட் செய்யாமலே ஓட்டினால் காலப்போக்கில் டைப்-சி போர்ட் வழி சார்ஜ் ஏறாமல் போகலாம். வாங்கியதும் முதல் வேலை அந்த அப்டேட்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் உள்ளூரில் வாங்கினாலும், உபுண்டு லைவ் பென்டிரைவ் ஒன்றோடு போங்கள். கடையிலேயே அதில் பூட் செய்து பார்க்க வேண்டியவை:

- பயாஸுக்குள் பாஸ்வேர்ட் கேட்கிறதா. பழைய நிறுவனத்தின் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் இருந்தால் வாங்காதீர்கள், பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போகும் என்பது இந்த வகை லேப்டாப்புகளில் நடக்காது.
- யுபவர் கட்டளையில் பேட்டரியின் இப்போதைய முழுக்கொள்ளளவும் வடிவமைத்த கொள்ளளவும் தெரியும். 60 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.
- ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எஸ்எஸ்டி ஓடிய மணிநேரமும், தேய்மானச் சதவீதமும்.
- வைஃபை, ஒலி, மூடித் திறந்தால் விழித்தெழுவது. மூன்றும் லைவிலேயே ஓட வேண்டும்.
- யுஎஸ்பி, சார்ஜர் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைப் பூச்சு தெரிந்தால் அது கடலோரத்தில் கிடந்த லேப்டாப். உள்ளேயும் அப்படித்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட விடுங்கள். கோடைக்குமுன் விசிறியைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள். பயன்படுத்தாமல் மாதக்கணக்கில் மூடிவைப்பதுதான் கடலோரத்தில் கெடுதல். வாரம் இருமுறையாவது ஓட்டிச் சூடேற்றினால் ஈரம் தங்காது.

லேப்டாப்புக்குப் பதில் மினி டெஸ்க்டாப் இன்னும் மலிவாகக் கிடைக்கலாம். அதற்கு மானிட்டரும் யுபிஎஸ்ஸும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள் அதன் பின்புற சுவிட்சைப் பார்க்க வேண்டும். யுபிஎஸ் முறையில் இல்லையென்றால் கரண்ட் மாறும் அந்த இடைவெளியில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

இதில் எந்த லினக்ஸ்? பழக்கமான உபுண்டு 24.04 போதும், 2029 வரை ஆதரவு இருக்கிறது. அது இயல்பாக இஎக்ஸ்டி4 கோப்பமைப்பில் நிறுவும், ஸ்னாப்ஷாட் எடுக்க டைம்ஷிஃப்ட்டைத் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். உடைத்து உடைத்துப் பார்க்கப்போகிறவருக்கு ஓப்பன்சூசே டம்பிள்வீட் பொருத்தம். அது ஸ்னாப்ஷாட் எடுக்கத் தோதான பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்போடும், ஸ்னாப்ஷாட்டுகளை நிர்வகிக்கும் ஸ்னாப்பரோடும் வருகிறது, அப்டேட் சொதப்பினால் பூட் மெனுவிலேயே பழைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். ஃபெடோராவும் பிடிஆர்எஃப்எஸ்தான், ஆனால் ஸ்னாப்ஷாட்டை நீங்களே அமைக்க வேண்டும்.

## குறிப்பை எங்கே எழுதுவது

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வதும் கூகுள் டாக்ஸில் ஒட்டுவதும் எளிது, கட்டளைகளுக்கு ஆகாது. டாக்ஸ், அதில் டைப் செய்யும்போது நேர்மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும், இரண்டு சிறுகோடுகளை ஒரு நீளக்கோடாகவும் மாற்றிவிடும். டெர்மினலில் ஒட்டினால் பிழை வரும், கண்ணால் பார்த்தால் சரியாகவே தெரியும். வாட்ஸ்அப் நட்சத்திரக் குறிகளைத் தடித்த எழுத்தாக்கிக் காட்டும். ஸ்கிரீன்ஷாட்டைத் தேடவும் முடியாது, நகலெடுக்கவும் முடியாது.

ஜாப்ளின், ஆப்சிடியன் போன்ற நோட்ஸ் செயலிகள் படிப்புக் குறிப்புக்கு நல்லவை. புராஜெக்டுக்கு அவற்றில் ஒரு குறை: குறிப்பு ஓரிடம், கோடு (நிரல்) வேறிடம். கோடு மாறும், குறிப்பு அப்படியே நிற்கும். மூன்று பேருக்குமேல் சேர்ந்து எழுதும் கல்லூரிக் குழுவுக்கு டோக்குவிக்கி பொருந்தும், பக்கங்களைச் சாதாரண உரைக்கோப்புகளாகவே வைப்பதால் டேட்டாபேஸ் தொல்லை இல்லை.

தனியாள் புராஜெக்டுக்கு நாங்கள் சொல்வது கோடு இருக்கும் அதே கிட் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) களஞ்சியத்தில் மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் உரை) கோப்புகள். ரீட்மீயில் என்ன, எப்படி ஓட்டுவது. பக்கத்தில் பதிவேடு ஒன்று. பாஸ்வேர்டையோ டோக்கனையோ அதில் எழுதிவிடாதீர்கள், அடுத்த கமிட்டில் (கிட் சேமிக்கும் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்) அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். பதிவேட்டில் ஒரு பதிவு இந்த அளவு இருந்தால் போதும்:

> கணினி: டி480, உபுண்டு 22.04, கெர்னல் எண்ணோடு
> நோக்கம்: ஈஎஸ்பி32 போர்டில் கோடு ஏற்ற
> நடந்தது: சிஎச்340 சிப் உள்ள போர்டைச் செருகினால் ஒரு நொடி தெரிந்து டிடிஒய்யுஎஸ்பி0 (லினக்ஸில் போர்டின் பெயர்) மறைகிறது
> காரணம்: பிரெயில் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் சேவை அதே அடையாள எண்ணைத் தனது என்று எடுத்துக்கொள்கிறது
> தீர்வு: அந்தப் பேக்கேஜை நீக்கி, போர்டைக் கழற்றிச் செருகியது. பயனரை டயல்அவுட் (சீரியல் போர்ட் அனுமதி உள்ள) குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப நுழைந்தது
> பயனில்லாதவை: கேபிள் மாற்றியது, டிரைவரைத் தனியே தொகுத்தது
> திரும்பப் பெற: பேக்கேஜை மறுபடி நிறுவினால் போதும்

‘பயனில்லாதவை’ வரியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்தமுறை அதே இரண்டு மணிநேரத்தைக் காப்பாற்றுவது அந்த வரிதான்.

கணினியின் நிலையைக் கையால் எழுதுவதைவிட அதுவே எழுதட்டும். ஈடிசிகீப்பர் என்ற பேக்கேஜ், கணினியின் அமைப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறையை கிட்டில் வைத்து, பேக்கேஜ் நிறுவும் ஒவ்வொருமுறையும் தானே கமிட் செய்யும். ஆப்ட்-மார்க் கட்டளையில் நீங்கள் கையால் நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியல் வரும், மாதம் ஒருமுறை அதைக் கோப்பாக்கிக் களஞ்சியத்தில் போடுங்கள். உபுண்டுவில் பாஷ் வரலாறு (டெர்மினலில் கொடுத்த கட்டளைகளின் பட்டியல்) இயல்பாக 2000 வரிகளோடு நின்றுவிடும், அந்த எண்ணைக் கூட்டி, ஒவ்வொரு வரியோடும் நேரம் பதியும்படி அமையுங்கள். நிறுவல்களைத் தானாகச் செய்யும் ஆன்சிபிள் தெரிந்தவர்கள் நிறுவலையே பிளேபுக்காக எழுதலாம். அது எப்படி என்பதைச் சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது, ஆகவே பதிவேடு அப்போதும் வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் எதிர்கொள்ளும் சில்லறைத் தொல்லைகள் மூன்று. கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் கிட் அதை எண்குறிகளாகக் காட்டும், கிட்டின் குவோட்பாத் அமைப்பை அணைத்தால் சரியாகும். பல டெர்மினல்களில் தமிழ் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அதனால் குறிப்பை எடிட்டரில் படிப்பதே கண்ணுக்கு நல்லது. ஆவணங்களை வடிவம் மாற்றும் பேண்டாக் வழியாகப் பிடிஎஃப் எடுக்கும்போது இயல்பான பிடிஎஃப்லேடெக் தமிழைக் கையாளாது. எஞ்சினை ஜீலேடெக் என்று மாற்றி, எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழைக் குறிப்பிடுங்கள்.

குறிப்பு தேறுமா என்று பார்க்க, தனி லேப்டாப் வைத்திருப்பவரும் ஒரு வி.எம். வைத்துக்கொள்ளலாம். காலியான உபுண்டுவை அதில் போட்டு, பதிவேட்டை மட்டும் திறந்துவைத்து, புராஜெக்ட் ஓடும்வரை செய்து பாருங்கள். குறிப்பில் இல்லாத எதையாவது டைப் செய்ய நேர்ந்தால் அந்த இடத்திலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். இதை அக்டோபருக்குமுன் ஒருமுறை செய்து முடித்து, களஞ்சியத்தை வெளி சர்வர் ஒன்றுக்கும், பரணில் வைக்கும் டிஸ்க் ஒன்றுக்கும் தள்ளிவிடுங்கள். தரைத்தள அறையில், லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே அந்த டிஸ்க்கை வைத்தால் வெள்ளத்தில் இரண்டும் சேர்ந்தே நனையும்.